ஓரம் மஞ்சளாகாத கறை

ஓய்வுபெற்ற ஒருத்தியைப் பேசச் சொன்னால் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, அவள் லேசில் நிறுத்த மாட்டாள். இன்னொன்று, தன் தவறுகளை விழுங்கிவிட்டு மற்றவர்கள் தவறுகளை மட்டும் எடுத்து வைப்பாள். முதலாவதற்கு நான் பொறுப்பில்லை, நீங்கள்தான் எழுதச் சொல்லிக் கேட்டீர்கள். இரண்டாவதைச் செய்ய மாட்டேன். இங்கே நான் சொல்லப்போவது என் தவறைத்தான்.

உங்களில் சிலர் சென்னையில் தடயவியல் படிக்கிறீர்கள், சிலர் இங்கே கலிஃபோர்னியாவில் ஆய்வகங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். கருவிகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. என் காலத்துக் கருவிகள் இப்போது ஏதாவது அலமாரியில் தூசி படிந்து கிடக்கும். ஆனால் ஒரு வீட்டு வாசலில் நான்கு பேர் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது என்ன சொல்வது என்பதற்கு இன்னும் கருவி வரவில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் ஈரோட்டுக்காரி. வேதியியல் எம்.எஸ்ஸி. கணவருக்கு சாஃப்ட்வேர் வேலை என்பதால் இங்கே சன்னிவேலுக்கு வந்து, கையில் வேலையில்லாமல் மூன்று வருடம் உட்கார்ந்திருந்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கவுண்டியின், அதாவது நம் ஊர் மாவட்டம் மாதிரி, தடயவியல் ஆய்வகத்தில் சேர்ந்தேன். ஊரில் என் மாமியார் போனிலேயே பதறினார். "ஏனுங் கண்ணு, பொணத்தத் தொடற வேலையா? வேற வேலையே கெடைக்கலையா அந்த ஊர்ல?" பிணத்தைத் தொடுவதில்லை அத்தை, கறையைத்தான் தொடுவோம் என்றேன். அவருக்கு அதில் ஒன்றும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அந்த ஆய்வகத்தில் ஒரு பெண்மணி இருந்தார். பெயரைச் சொல்ல மாட்டேன். தன் பெயரை எதிலும் எழுதக் கூடாது என்று அவர் என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார். "பேர் போட்டா சிலை வெச்சுருவாங்க. சிலைகிட்ட யாரும் திருப்பிக் கேள்வி கேக்க மாட்டாங்க" என்பார். எல்லோரும் அவரை முதல் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள், அமெரிக்காவில் அதுதான் வழக்கம். எழுபது வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை. மேடம் என்றே சொல்லிவிட்டேன். அவரும் சில வாரம் திட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். நாங்கள் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில்தான். என் காதில் எப்படி விழுந்ததோ அப்படித் தமிழில் எழுதுகிறேன்.

ஐம்பதுகளில் அவர் அங்கே தட்டெழுத்துக்காரியாகச் சேர்ந்தவர். மைக்ராஸ்கோப் இருந்த அறைக்குள் பெண்கள் போனால் காபி வைக்கத்தான் போனார்கள் என்று அர்த்தம். அறிக்கைகளை அடித்து அடித்தே தொழிலைக் கற்றுக்கொண்டார். ஒரு நாள் ஒரு கொலை வழக்கு அறிக்கையை அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். குற்றம் சாட்டப்பட்டவனின் கோட்டில் இருந்த நீள முடி, இறந்துபோன பெண்ணுடையது என்று பெரியவர்கள் எழுதியிருந்தார்கள். அவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் இவர் உள்ளே போய் மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறார். அது குதிரை வால் முடி. இவர் பழத்தோட்டத்துக்காரர் வீட்டில், குதிரைகளோடு வளர்ந்தவர். அறைக்குள் புகுந்ததற்காக முதலில் காட்டுக் கத்தல் கத்தினார்களாம். பிறகு மறுபடி பார்த்தார்கள், அந்த ஆள் விடுதலையானான். இவருக்கு ஒரு வெள்ளைக் கோட்டும் கொடுத்தார்கள். ஆண்கள் அளவு கோட்டு. கையை மூன்று மடிப்பு மடித்துக்கொண்டு, அந்த வட்டாரத்தில் குற்றம் நடந்த இடத்துக்குப் போய் நின்ற முதல் பெண் அவர்தான்.

நான் சேர்ந்தபோது அவர் ஓய்வுபெற்றுப் பல வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் வியாழக்கிழமை தவறாமல் வந்து எங்கள் அறிக்கைகளைப் படிப்பார். கேட்டால், வீட்டில் குறுக்கெழுத்து போரடிக்கிறது என்பார்.

அவரிடம் நான் முதலில் வாங்கிக் கட்டிக்கொண்டது குங்குமத்தால். ஒரு சைக்கிள்காரரை இடித்துவிட்டு ஓடிய கார் வழக்கு. அந்தச் சைக்கிள்காரரின் சட்டையை வெள்ளைத் தாளில் உதறி, உதிர்ந்ததைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். சிவப்பாக நான்கைந்து துகள். கார் பெயின்ட்தான் என்று எனக்கு ஒரே உற்சாகம். ஒன்றரை நாள் அதோடு மல்லாடினேன், எந்தப் பெயின்டோடும் ஒத்துவரவில்லை. அந்த வியாழக்கிழமை மேடம் வந்தார். தாளைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"இது அவரோடதா, உன்னோடதா?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குனிந்து குனிந்து வேலை செய்ததில் என் குங்குமம் சாட்சிப் பொருளின் மேல் உதிர்ந்திருக்கிறது. ஆய்வகமே என்னைக் கூப்பிட்டுக் கேலி செய்தது. மறுநாள் முதல் ஸ்டிக்கர் பொட்டுக்கு மாறிவிட்டேன். அது சிரித்து மறக்கக்கூடிய தவறு, யாருக்கும் நஷ்டமில்லை. அடுத்தது அப்படியில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு புதன்கிழமை மதியம். எல் கமினோ சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி ஒரு மாடி வீடு. பக்கத்து வீட்டு அமெரிக்கப் பெண்மணி போலீசுக்குப் போன் பண்ணியிருந்தார். முந்தின நாள் சாயங்காலம் அந்த வீட்டில் ஒரே சத்தம், கனமாக ஏதோ விழுந்தது, அதற்குப் பிறகு புதிதாக வந்த அந்தப் பெண்ணைக் காணவில்லை, வாசல் படியில் சிவப்பாகக் கறை இருக்கிறது என்று. வீட்டுக்காரன் சேலம் பக்கத்துப் பையன், இன்ஜினியர், முப்பது வயது இருக்கும். மனைவி ஊரிலிருந்து வந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. அவள் லாஸ் ஏஞ்சலஸில் சித்தி வீட்டுக்குக் காரில் போயிருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறான். அவன் கொடுத்த நம்பரில் யாரும் எடுக்கவில்லை.

போலீசோடு தடயம் எடுக்க வந்த இளைஞன் வாசல் கறையைப் பஞ்சில் தொட்டுச் சோதித்திருக்கிறான். பஞ்சு சிவந்துவிட்டது. ரத்தம் என்று சொல்லிவிட்டான். கார் நிறுத்தும் கராஜ் தரையிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. வீட்டுக்காரன் கீழ்த்தளத்தையும் கராஜையும் காட்டினான். மாடிக்குப் போக வேண்டுமென்றால் நீதிபதி உத்தரவு கொண்டுவாருங்கள் என்று படியை மறித்து நின்றுகொண்டான். டிடெக்டிவ் அந்த உத்தரவுக்காகப் போனில் இருந்தார். ஆட்கள் இந்தியர்கள் என்பதால் ஆய்வகத்திலிருந்து என்னை அனுப்பினார்கள்.

வாசலில் கால் வைத்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. கதவு நிலையில் மாவிலைக்குப் பதில் ஏதோ ஒரு இலையைக் கட்டியிருந்தார்கள். படியோரமாகத் தெளித்தது போலச் சிவப்பு, வெயில் பட்ட ஓரமெல்லாம் மஞ்சளாகத் திரும்பியிருந்தது. ஹாலில் ஒரு தட்டு, அதில் காய்ந்த வெற்றிலை. புதுப்பெண்ணுக்கு ஆரத்தி சுற்றி வாசலில் கொட்டியிருக்கிறார்கள்! மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்தால் ரத்தச் சிவப்பாகிவிடும், சுண்ணாம்பு கிடைக்காத ஊரில் சமையல் சோடா போட்டாலும் ஓரளவுக்குச் சிவக்கும். இது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும்.

நான் சிரித்துவிட்டேன். வாய்விட்டு, அந்த ஹாலே அதிரச் சிரித்தேன்.

அந்தப் பையன் முகம் மாறியது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"அக்கா, நீங்க தமிழா? நீங்களாவது சொல்லுங்கக்கா இவங்ககிட்ட. ஆரத்தியப் போய் ரத்தம்ங்கறாங்க. ஆபீஸ்ல தெரிஞ்சா என் விசாவே போயிரும்."

"கவலப்படாதீங்க தம்பி. நான் சொல்றேன். இதெல்லாம் இவங்களுக்கு என்ன தெரியும்?"

இந்த வார்த்தைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்து போயிருந்தேன். எனக்கு இன்னொருவர் ஞாபகப்படுத்தினார்.

வாசல் கறையை எல்லோருக்கும் முன்னால் சோதித்துக் காட்டினேன். இந்தச் சோதனையில் பஞ்சின் மேல் ஒன்றன்பின் ஒன்றாக மருந்து விடுவோம். கடைசிச் சொட்டு விட்ட பிறகு சிவந்தால் அது ரத்தமாக இருக்கலாம். அதற்கு முன்பே சிவந்தால் வேறு ஏதோ. அந்த இளைஞன் அவசரத்தில் மடமடவென்று எல்லாவற்றையும் விட்டிருக்கிறான். நான் நிதானமாக விட்டேன். கடைசிச் சொட்டுக்கு முன்பே பஞ்சு சிவந்துவிட்டது. "மஞ்சள்" என்றேன். போலீஸ்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த இளைஞனின் காது சிவந்து போனது.

டிடெக்டிவ் மட்டும் சிரிக்கவில்லை. போனைக் கையால் பொத்திக்கொண்டு, "கராஜில் இருப்பது?" என்று கேட்டார்.

கராஜுக்குப் போனேன். விளக்கு மங்கல். கறை அதே சிவப்பு மாதிரிதான் தெரிந்தது. பின்னாலேயே வந்த அந்தப் பையன், "ஆரத்தி எடுத்த ஆன்ட்டி தட்ட உள்ள கொண்டு வர்றப்ப சிந்திட்டாங்கக்கா" என்றான்.

டிடெக்டிவ் காத்துக்கொண்டிருந்தார். போனின் மறுமுனையில் ஒரு நீதிபதியின் அலுவலகம் காத்துக்கொண்டிருந்தது. எனக்கு அந்த இடத்தை விட்டு இவர்களையெல்லாம் கிளப்பிவிட வேண்டும் என்ற வேகம். நம் வீட்டு நல்ல காரியத்தைக் கொலை என்று பார்க்கிறார்களே என்ற அவமானம், நான் இல்லாவிட்டால் இந்தப் பையன் கதி என்ன ஆகியிருக்கும் என்ற பெருமை. இரண்டும் சேர்ந்தால் மூளை வேலை செய்யாது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

"அதுவும் இதுதான்" என்றேன்.

சோதிக்கவில்லை. குனிந்துகூடப் பார்க்கவில்லை. போட்டோ மட்டும் இரண்டு எடுத்துக்கொண்டேன், அதுவும் பழக்க தோஷத்தில். டிடெக்டிவ் போனில் ஏதோ சொல்லிவிட்டு வைத்தார். ஐந்து நிமிடத்தில் எல்லோரும் கிளம்பிவிட்டோம். அந்தப் பையன் வாசல் வரை வந்து கும்பிட்டான். வீட்டுக்குப் போய்க் கணவரிடம் கதையாகச் சொன்னேன். "நல்லவேளை நீ போனே" என்றார். எனக்கு உள்ளூர ஒரே குளிர்ச்சி.

மறுநாள் வியாழக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு மேடம் என் அறிக்கையைப் படித்தார். பாராட்டுவார் என்று நினைத்து எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"ரெண்டு கறைன்னு எழுதியிருக்கே. ஒரு பஞ்சுதானே இருக்கு?"

ஆரத்தி என்றால் என்ன, எப்படிச் செய்வது, ஏன் சிவக்கிறது என்று நீளமாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு இரண்டு போட்டோக்களையும் மேஜை விளக்குக்கு அடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"எனக்கு உங்க சடங்கு தெரியாது. கண்ணு மட்டும்தான் இருக்கு. இதோட ஓரம் மஞ்சளா இருக்கு. அதோட ஓரம் கறுப்பா இருக்கு."

பார்த்தேன். ஓரம் கறுப்பாகத்தான் இருந்தது.

"அது கராஜ் மேடம், வெயில் படல" என்றேன்.

"சரி. அந்தத் தண்ணிய எங்கே கொட்டுவீங்க?"

"வாசல்ல. தெருவுல."

"கொட்டினப்புறம் தட்டுல என்ன இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது."

"அப்ப கராஜ்ல எது சிந்துச்சு?"

ஆரத்தி சுற்றிய தண்ணீரை யாரும் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள். திருஷ்டியைக் கழித்து வெளியே கொட்டத்தான் அதைச் சுற்றுவதே. ஒரு சிறு பெண்ணைக் கேட்டால்கூடச் சொல்லிவிடுவாள். அந்தப் பையன் என் முகத்துக்கு நேரே ஒரு அபத்தத்தைச் சொன்னான். அங்கே இருந்த அத்தனை பேரிலும் அது பொய் என்று தெரிந்திருக்க வேண்டியவள் நான் ஒருத்திதான். நான் தலையை ஆட்டினேன்.

மேடம் டிடெக்டிவுக்குப் போன் பண்ணினார். பிறகு கோட்டை எடுத்துக்கொண்டு, "நானும் வரேன். நீ ஓட்டு" என்றார்.

ஃப்ரீவேயில் நான் எப்படி டிரைவ் பண்ணினேன் என்று எனக்கே தெரியாது. அவர் பக்கத்தில் ஜன்னலைப் பார்த்தபடி பேசிக்கொண்டே வந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் செர்ரிப் பழத்தைப் பற்றிப் பேசினார்.

வெள்ளைக் கோட்டு கிடைத்து நான்காவது வருடம், அவரிடம் சோதனைக்கு ஒரு சட்டை வந்திருக்கிறது. ஒருவனின் மனைவி தோட்டத்துக் கிணற்றில் விழுந்து இறந்துபோயிருந்தாள். தவறி விழுந்தாள் என்று அவன் சொன்னான். அவன் சட்டையில் ஏழெட்டுச் சிவப்புத் துளி. அவன் இவருடைய அப்பாவின் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டக்காரன். அது செர்ரி பறிக்கும் மாதம்.

"செர்ரிக் கறையப் பாத்துதான் நான் வளந்தேன். எங்க அம்மா துவைச்சுத் துவைச்சு கை ஓஞ்சு போவாங்க. எனக்குத் தெரியாத செர்ரியா? அந்த ஆபீஸ்ல இருந்த ஆம்பளைங்க யாருக்கும் தெரியாதது எனக்குத் தெரியும்னு காட்டணும். பாத்த உடனே செர்ரின்னு எழுதிட்டேன். எல்லாரும் அசந்துட்டாங்க."

"ரத்தமா?" என்றேன்.

"ரெண்டு வருஷம் கழிச்சு அவனோட ரெண்டாவது பொண்டாட்டியும் அதே கிணத்துல கெடந்தா. அப்பத்தான் பழைய சட்டைய வெளிய எடுத்தோம். ஏழு துளி செர்ரி. ஒண்ணு ரத்தம்."

எந்த வழக்கிலும் எதையும் தவறவிடாதவர் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த மனுஷி. அந்த இரண்டாவது பெண்ணின் பெயரைச் சொன்னார், வயதைச் சொன்னார், அவளுக்கு இருந்த தெத்துப்பல்லைக்கூடச் சொன்னார். பெயர் தெரியாதவளாக அவள் போய்விடக் கூடாது என்று முப்பது வருடமாக மனதில் வைத்திருப்பதாகச் சொன்னார். நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இந்த வீட்டில் அப்படி எதுவும் இருக்கக் கூடாது, இருக்கக் கூடாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.

டிடெக்டிவ் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். அந்தப் பையன் கதவைத் திறந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

"வாங்கக்கா. என்ன மறுபடியும்?"

கராஜ் கதவு திறந்ததுமே முகத்தில் அடித்தது ப்ளீச் நெடி. கண்ணெல்லாம் எரிந்தது. கறை இருந்த இடம் சுற்றியிருந்த தரையைவிட வெள்ளையாக, வட்டமாக இருந்தது. ஆரத்தி சிந்திய இடத்தை யாராவது பாட்டில் பாட்டிலாக ப்ளீச் ஊற்றித் தேய்ப்பார்களா? வாசலில் இருந்த உண்மையான ஆரத்தியை அவன் தொடக்கூட இல்லை, அது அப்படியே இருந்தது. மேடம் மெதுவாகக் கீழே உட்கார்ந்து, எழுபது வயது முழங்கால் கிறீச்சிட, தரை வெடிப்பு ஒன்றுக்குள் பஞ்சைத் திருகி எடுத்து என்னிடம் நீட்டினார். நான்தான் சொட்டுகளை விட்டேன். கடைசிச் சொட்டு வரை பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. ப்ளீச்சும் இந்தச் சோதனையை ஏமாற்றும், ஆனால் அதற்குக் கடைசிச் சொட்டு தேவையில்லை. கடைசிச் சொட்டு விழுந்தது. பஞ்சு சிவந்தது.

டிடெக்டிவ் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. படியில் நின்ற அந்தப் பையனை ஒதுக்கிவிட்டு மேலே ஓடினார். மேலே ஏதோ உடைக்கும் சத்தம். பிறகு அவர் குரல், ஆம்புலன்ஸ், ஆம்புலன்ஸ் என்று.

மாடி படுக்கையறையில் துணி அலமாரி இருக்குமே, ஆள் நுழையும் அளவுக்கு, அதற்குள் போட்டு வெளியே பூட்டியிருந்தான். உயிரோடு இருந்தாள். தலையில் துண்டைச் சுற்றியிருந்தாள், துண்டு தலையோடு ஒட்டிக் காய்ந்து போயிருந்தது. இருபத்திரண்டு வயது. ஊருக்குப் போன் பண்ண வேண்டும் என்று கேட்டிருக்கிறாள், கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள், அதற்காகக் கராஜில் பிடித்துத் தள்ளியிருக்கிறான். ஸ்ட்ரெச்சரில் என்னைக் கடந்து கொண்டுபோனார்கள். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்ததா என்று தெரியவில்லை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிழைத்துக்கொண்டாள். ஆனால் இடது காது கேட்காமலே போய்விட்டது. முந்தின நாளே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தால் காது தப்பியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். இருக்கலாம் என்றார். அந்த ஒரு சொல்லை நான் எத்தனையோ முறை புரட்டிப் பார்த்துவிட்டேன், இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

ஆய்வகத்தில் எங்கள் மேலதிகாரி நல்ல மனிதர், என்னைக் காப்பாற்றப் பார்த்தார். முதல் அறிக்கையை வெறும் ஆரம்பக் குறிப்பு என்று சொல்லிவிடலாம், இரண்டாவதை மட்டும் கோர்ட்டுக்கு அனுப்பலாம் என்றார். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் நானும் சரி என்று சொல்லும் நிலையில்தான் இருந்தேன், பொய் சொல்வானேன். மேடம் குறுக்கே வந்தார். "ரெண்டும் போகும். ரெண்டுலயும் அவ கையெழுத்து இருக்கு. ஒண்ண ஒளிச்சா, கண்டுபிடிக்கிற அன்னிக்கு ரெண்டும் செத்துரும், அந்தப் பொண்ணோட வழக்கும் செத்துரும்" என்றார். செர்ரி வழக்கில் தன் பழைய அறிக்கையைத் தானே கோர்ட்டில் படித்ததாகச் சொன்னார். இரண்டையும் அனுப்பினோம்.

விசாரணையில் அவன் தரப்பு வக்கீல் முதல் அறிக்கையை வைத்து என்னைக் கிழித்துத் தொங்கவிட்டார். அதுவும் இதுதான் என்று சொன்னீர்களா? சொன்னேன். சோதித்தீர்களா? இல்லை. ஏன்? எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். இப்போது மட்டும் உங்களை எப்படி நம்புவது? என்னை நம்ப வேண்டாம், பஞ்சை நம்புங்கள் என்றேன். அரை நாள் நின்றேன். புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் ஒளித்தது எதுவும் இல்லாததால் அவரால் அதற்கு மேல் போக முடியவில்லை. அவனுக்குத் தண்டனை கிடைத்தது.

தீர்ப்புக்குப் பிறகு கோர்ட்டு நடையில் அவள் தனியாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பெண்கள் காப்பகத்தில் தங்கியிருந்தாள், அழைத்துப் போக வண்டி வரவேண்டும். அருகில் போனேன். இடது பக்கம் போய்விட்டு, ஞாபகம் வந்து வலது பக்கம் சுற்றி வந்தேன். என்னை மன்னிச்சுரும்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவளே முந்திக்கொண்டாள். குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"அன்னிக்கு நீங்க பேசினது எனக்குக் கேட்டுச்சு மேடம்."

எனக்குப் புரியவில்லை.

"ஹீட்டர் காத்து வர்ற ஓட்டை இருக்குல்ல, அலமாரில அது இருந்துச்சு. கீழ பேசறதெல்லாம் அதுல கேக்கும். போலீஸ் வந்தது கேட்டுச்சு. அவங்க பேசறது எனக்கு சரியாப் புரியல. சத்தம் போட்டா உன்னைத்தான் ஊருக்குத் திருப்பி அனுப்புவாங்கன்னு அவர் சொல்லிவெச்சிருந்தார். அதனால பேசாம இருந்தேன். அப்பறம் ஒரு தமிழ்க் குரல் கேட்டுச்சு. பொம்பளக் குரல். சாமியே அனுப்பிருச்சுன்னு நெனச்சேன். கதவத் தட்டலாம்னு கையத் தூக்கிட்டேன் மேடம்."

நடையில் யாரோ கோப்புகளைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு போனார்கள். அது போகும்வரை காத்திருந்தாள்.

"அப்பத்தான் நீங்க சிரிச்சீங்க. அவரத் தம்பின்னு கூப்பிட்டீங்க. கவலப்படாதீங்க, நான் சொல்றேன்னீங்க. சரி, அவரோட ஆளுங்கதான் போலன்னு கையக் கீழ எறக்கிட்டேன்."

மன்னிப்பு என்ற சொல் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. காப்பகத்து வண்டி வந்தது. "வரேன் மேடம்" என்று எழுந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் பொய் சொன்னான், நான் ஏமாந்தேன் என்றுதான் அதுவரை என் கணக்கு. சோதிக்காமல் விட்ட கறைதான் என் தவறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதை ஒரே நாளில் மேடம் கண்டுபிடித்தார், நானும் கோர்ட்டில் ஒப்புக்கொண்டேன். ஆனால் தூக்கிய கையை அவள் இறக்கியது எந்த அறிக்கையிலும் இல்லை. எந்தப் போட்டோவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தும் யாராலும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

கறையைச் சோதிக்க உங்களுக்கு எவ்வளவோ பேர் சொல்லித்தருவார்கள். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். ஒரு வீட்டுக்குள் போனால் அங்கே யாரையும் தம்பி என்று கூப்பிடாதீர்கள், அக்கா என்று அழைக்க விடாதீர்கள். சிரிப்பு வந்தால் வெளியே வந்து, காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு சிரியுங்கள். மேலே ஒருத்தி கையைத் தூக்கிக்கொண்டு உங்கள் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.